தன் தீவுக்கு மட்டும் வழி காட்டாதவள்

ரன்வெய்யைப் பற்றி ஸ்கார்வோயா தீவில் யாரைக் கேட்டாலும் "நேர்மையான பொம்பளை" என்று சொல்லிவிட்டுக் கூடவே ஒரு பெருமூச்சும் விடுவார்கள். அந்தப் பெருமூச்சு எதற்கு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்களுக்குப் புரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் மன்றத்தில் உன் தம்பியின் நிலம், உன் மாமனாரின் படகுக்கொட்டகை என்று உன்னைத் தொடும் விஷயம் எதுவும் பேச்சுக்கு வந்தால், "இதில் எனக்குச் சம்பந்தம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நீ எழுந்து வெளியே போய்விட வேண்டும். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பார்கள். நோர்வே முழுக்க இதுதான் சட்டம். ஆனால் சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். ரன்வெய்யின் அப்பா மன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் பாதிக் கூட்டத்தை நடைக்கூடத்தில் காப்பி குடித்தே கழித்தார் என்று இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். அதே ரத்தம்தான் மகளுக்கும். அலுவலகப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் மறுநாள் திருப்பி எடுத்துப் போகிற ஜாதி அவள்.

மாவட்டப் படகு நிறுவனத்தின் வலைத்தளத்தை எழுதுவதும் சீராக வைத்திருப்பதும் ரன்வெய்யின் வேலை. ஹெல்லேவிக் பட்டணத்தில், மீன் குளிர்பதனக் கூடத்துக்கு மேல்மாடியில் அலுவலகம். எந்தப் படகு எந்தத் தீவில் எப்போது நிற்கும், சைக்கிள் ஏற்றலாமா, நாயைக் கூட்டிவரலாமா, புயலடித்தால் என்ன செய்வது, கோடையில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் இருக்கும். எல்லாம் அவள் கைப்பட எழுதியவை. நன்றாக எழுதுவாள். படித்தால் உடனே படகேறத் தோன்றும்.

அவளே தினமும் ஸ்கார்வோயாவிலிருந்து படகில்தான் வேலைக்கு வந்து போனாள். தீவின் படகுத்துறையில் படகு தானாக நிற்காது. முதல் நாளே வலைத்தளத்தில் பதிவு செய்தால்தான் நிற்கும். இல்லாவிட்டால் வெளிப்பாறைகளைச் சுற்றிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். தீவுக்காரர்கள் யாரும் வலைத்தளத்தில் பதிவு செய்ததில்லை. படகோட்டி ஓட்வாரின் கைபேசிக்கு ஒரு போன், அவ்வளவுதான். "அண்ணே, நாளைக்கு நான் வரேன்" என்றால் "வா வா" என்பார். படகு நின்றுவிடும். மாவட்டத்தின் கணக்கில் மட்டும் அந்தத் துறையில் ஈ காக்கைகூட ஏறுவதில்லை என்றிருக்கும்.

இனி ஷூர். ரன்வெய்யின் கணவன். வாலிபத்திலிருந்து வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்த்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மேடைக்கு ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும், அதில் ஏறவே அவனுக்குப் பயம். ஒருநாள் கரைக்கு வந்தவன், "இனிமே அந்த மேடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தீவில் பாழடைந்து கிடந்த மீன் உப்புக்கூடத்தை வாங்கி விருந்தினர் விடுதியாக்கினான். ஆறு அறை. சன்னலைத் திறந்தால் நீர்க்காகங்கள் சிறகு காய வைத்துக்கொண்டிருக்கும். காலையில் அவனே ரொட்டி சுடுவான்.

ஆள்தான் வரவில்லை.

முதல் கோடையில் புதுசு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாவது கோடையில் மழை மேல் பழி போட்டார்கள். மூன்றாவது கோடையில் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அறை பதிவு செய்கிறவர்கள் பதிவு செய்தார்கள், ஒரு வாரம் கழித்து "திட்டம் மாறிவிட்டது, மன்னிக்கவும்" என்று இரண்டு வரி எழுதி ரத்து செய்தார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் நாக்கு அழுகிவிடும் என்று நினைப்பு. ஷூர் ஒவ்வொரு ரத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். துண்டு சொரசொரப்பாக இருக்கிறது என்று புதுத் துண்டு வாங்கினான். மெத்தையை மாற்றினான். ரன்வெய் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு, ஆனால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் மாவட்டத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஆட்கள் ஏறாத துறைகளில் இலையுதிர்காலம் முதல் படகு நிற்காது. அவற்றில் ஸ்கார்வோயாவும் உண்டு. கோடைப் பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் முடிவு. படகு நிற்காவிட்டால் ரன்வெய் வேலைக்குப் போக முடியாது, ஷூரின் விடுதிக்கு ஒரு விருந்தாளியும் வர முடியாது, இருவரும் வீட்டை விற்றுவிட்டு ஹெல்லேவிக்கில் ஏதாவது அடுக்குமாடிக்குள் போய் அடைய வேண்டியதுதான்.

அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் ஒரு போன் வந்தது. பெர்கன் நகரத்திலிருந்து. பெர்கன்காரர்களுக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் குணத்துக்கு ஒரு கும்பிடு, ஏனென்றால் மூன்று வருஷத்தில் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெர்கன்காரர்தான்.

"ஏங்க, உங்க தீவுக்குப் படகே கிடையாதாமே! அப்புறம் எதுக்குங்க விடுதி நடத்துறீங்க? நீந்தியா வரணும்?"

"யார் சொன்னது?" என்றான் ஷூர்.

"படகுக் கம்பெனியே சொல்லுதுங்க. தேடிப் பாருங்க, முதல்ல அதான் வருது."

ஷூர் போனை வைத்துவிட்டுச் சிரித்தான். "இந்தப் பெர்கன்காரனுங்களுக்குப் படிக்கத் தெரியாது" என்றான். ரன்வெய் சிரிக்கவில்லை. சமையலறை மூலையில் நின்றபடி கைபேசியில் "ஸ்கார்வோயா படகு" என்று தேடினாள். முதலில் வந்தது அவளுடைய நிறுவனத்தின் பக்கம்தான், அவளே எழுதியது: "ஸ்கார்வோயாவில் படகு நிற்காது." ஆறு வருஷத்துக்கு முன் படகுத்துறையின் மரத்தூண்களை மாற்றியபோது போட்ட அறிவிப்பு. தேதி கீழே எங்கோ பொடி எழுத்தில் இருந்தது. அடுத்து பக்கத்துத் தீவான கோசோயாவின் பக்கம் வந்தது. பிறகு ஏதேதோ. ஸ்கார்வோயாவின் உண்மையான பக்கம், நேரமும் பதிவுப் பொத்தானும் உள்ள பக்கம், எவ்வளவு தள்ளிக்கொண்டே போனாலும் கண்ணில் படவில்லை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. வேறு யாராக இருந்தாலும் நாள் முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

மறுநாள் அலுவலகத்தில், எந்தப் பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று திறந்து பார்த்தாள். கோசோயாவுக்குப் பறவைப் பக்கத்திலிருந்து இணைப்பு, சைக்கிள் பக்கத்திலிருந்து இணைப்பு, கோடைச் சுற்றுலா, பள்ளிச் சுற்றுலா, முகப்புப் பக்கம் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்தது. மற்ற தீவுகளுக்கும் அப்படியே. ஸ்கார்வோயாவின் பக்கத்துக்கு ஓர் இடத்திலிருந்தும் இல்லை. எல்லாத் துறைகளையும் அகரவரிசையில் அடுக்கிய ஒரு பக்கம் தளத்தின் அடியாழத்தில் கிடந்தது, அங்கே மட்டும் ஒரு இணைப்பு. அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இணைப்பு விஷயம் ரொம்ப எளிது. தேடுபொறி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஒரு பக்கத்தை அந்தத் தளத்தின் மற்றப் பக்கங்களே கைகாட்டினால், "ஓகோ, வீட்டுக்காரர்களே மதிக்கிறார்கள், முக்கியமானதுதான் போலிருக்கிறது" என்று மேலே தூக்கி வைக்கும். இணைப்பு எந்தச் சொற்களின் மேல் இருக்கிறதோ அதை வைத்து அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளும். யாரும் கைகாட்டாத பக்கத்துக்கு அது எப்போதாவதுதான் போகும், போனாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இதெல்லாம் ரன்வெய்க்கு அத்துப்படி. மற்றத் தீவுகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டவள்தானே!

தன் தீவு என்று வரும்போது மட்டும் கை நின்றுவிடும். பறவைகளைப் பற்றி எழுதினாள். நீர்க்காகம் எங்கே அதிகம்? ஸ்கார்வோயாவில்தான். ஸ்கார்வ் என்றாலே நீர்க்காகம், தீவின் பெயரே அதுதான். ஆனால் அங்கே புருஷனின் விடுதி இருக்கிறது. நாளைக்கு எவனாவது "மாவட்டச் சம்பளத்துல உக்காந்துக்கிட்டு வீட்டுக் கடைக்கு விளம்பரம் பண்றா" என்று சொல்லிவிட்டால்? கோசோயாவுக்கு இணைப்பைப் போட்டுவிட்டு எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவாள். மூன்று வருஷமும் இதே கதை. அதைவிடக் கொடுமை, "நிற்காது" என்ற அந்தப் பழைய அறிவிப்புக்கு அவளே எல்லாப் பக்கத்திலிருந்தும் இணைப்பு கொடுத்திருந்தாள். எச்சரிக்கை என்றால் கடமை, அதில் சலுகை என்று யார் சொல்ல முடியும்? துறை வேலை முடிந்ததும் இணைப்புகளை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அதுகூடத் தன் தீவுக்குச் செய்கிற காரியமாகப் பட்டதால் தள்ளிப்போட்டாள், பிறகு மறந்தே போனாள். கெட்ட சேதிக்கு ஊரெல்லாம் தண்டோரா, நல்ல சேதிக்கு வாய்ப்பூட்டு. இப்படியும் ஒரு நேர்மை உண்டா, சொல்லுங்கள்!

நேரே மேலாளர் தூருனிடம் போனாள். தூருனும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கேட்டு முடித்ததும் தூருன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்கு மூளை கீளை இருக்கா இல்லையா? ஒதுங்கி நிக்கிறதுன்னா வேற ஆளைச் செய்யச் சொல்றது. செய்யாமலே விடுறது இல்ல!"

"வேற ஆளைக் கேட்டா, அதுவும் சிபாரிசு மாதிரிதானே?"

"சரி, இப்பவாவது போடு. போய்ப் போட்டுத் தொலை."

"இப்போ முடியவே முடியாது தூருன். துறையை மூடலாமா வேணாமான்னு மாவட்டம் பாத்துக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல நான் ஒரு எழுத்தை மாத்தினாலும், கணக்கைத் திருப்பப் பாத்தேன்னு ஆயிடும். உன்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். இனி ஸ்கார்வோயாவை நான் தொடக் கூடாது. எப்படிச் செய்யணும்னும் சொல்லக் கூடாது."

தூருன் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "உங்கப்பா தேவலாம்" என்றாள். பிறகு, "சரி, நானே பண்றேன். ஒரு லிங்க் போடுறது பெரிய வித்தையா?"

தூருன் வரவு செலவுக்காரி. வலைத்தளத்தைப் பற்றித் தெரிந்தது, அது சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது என்பது மட்டும். அன்று மாலையே தளத்தின் எல்லாப் பக்கத்தின் அடியிலும், முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு வரி முளைத்தது: "மேலும் அறிய இங்கே அழுத்தவும்." அழுத்தினால் ஸ்கார்வோயா. தூருன் பெருமையாக வந்து நின்றாள்.

"பாத்தியா? எல்லாப் பக்கத்துலயும் போட்டுட்டேன். ஒன்னு கூட விடல."

ரன்வெய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லாப் பக்கத்தின் காலடியிலும் ஒட்டிய வரியைத் தேடுபொறி பெரிதாக மதிக்காது. அதுவும் "இங்கே அழுத்தவும்" என்றால் எதற்கு அழுத்துவது, எதைப் பற்றியது, அதற்கு என்ன தெரியும்? அந்தப் பழைய அறிவிப்பு வேறு தன் இணைப்புகளோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எப்படிச் செய்வதென்று சொல்லக் கூடாதே என்று வெறுமனே "நன்றி தூருன்" என்றாள். வாரங்கள் போயின. ஸ்கார்வோயாவின் பக்கம் கண்ணுக்குத் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். யாரும் தள்ளிப் பார்க்காத தூரத்தில் கிடந்தது. "நிற்காது" என்பதுதான் இன்னும் தலையில் இருந்தது.

இதற்கிடையில் அவள் ஷூரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சரியானதும் சொல்லலாம் என்று இருந்தாள். ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, விடுதியின் வெள்ளைச் சுவரில் ஷூர் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளையப் பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி தோணுதோ என்னவோ" என்றான், திரும்பாமல். "மஞ்சள்னா கொஞ்சம் வாங்கன்னு கூப்பிடுற மாதிரி இருக்கும்."

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஷூர், பிரஷைக் கீழ வை."

"ஏன், கலரு பிடிக்கலையா?"

"கலரு நல்லாத்தான் இருக்கு. ஆளுங்க வராததுக்குக் கலரு காரணமில்ல. நான்தான் காரணம்."

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். ஷூர் பிரஷைக் கையிலேயே வைத்திருந்தான். மஞ்சள் சொட்டி அவன் பூட்ஸில் விழுந்தது.

"அப்போ நிக்காதுங்கிறதை ஊரெல்லாம் சொல்லியிருக்கே. நிக்கும்ங்கிறதை மட்டும் சொல்லல."

"ஆமா."

"விடுதி என்னோடதுங்கிறதாலயா?"

"ஆமா."

"வேற எவனாவது நடத்தியிருந்தா லிங்க் போட்டிருப்பேல்ல?"

பொய் சொல்லத் தெரியாதவளைக் கட்டிக்கொண்டால் இதுதான். "போட்டிருப்பேன்" என்றாள்.

ஷூர் வாளியின் ஓரத்தில் பிரஷை வழித்தான், ரொம்ப நேரம் வழித்தான். "மூணு வருஷம் ரன்வெய். துண்டை மாத்தினேன், மெத்தையை மாத்தினேன். ஹெரிங் மீன் நாத்தம் பிடிக்கலையோன்னு காலைச் சாப்பாட்டுல அதையும் நிறுத்தினேன். மூஞ்சி உர்ருன்னு இருந்தா எவன் வருவான்னு கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகினேன். தெரியுமா உனக்கு? ஒரு அந்நியனுக்குச் செய்யறதை எனக்குச் செய்ய உனக்குக் கூச்சமா இருந்திருக்கு."

"உனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னுதான்…"

"எனக்கா? உனக்கா?"

அவன் வாளியை மூடினான்.

"போன வாரம் கையெழுத்துப் போட்டுட்டேன். மேடைக்கு. ரெண்டு வருஷ ஒப்பந்தம், ஆகஸ்ட்லேர்ந்து. எனக்கு இந்தத் தொழில் வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன்."

ரன்வெய் அங்கேயே, ஈரப் புல்லில் உட்கார்ந்து அழுதாள். ஷூர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடேன் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கொடுத்த வாக்கை எடுக்கிற ஆள் இல்லை அவன். அந்த விஷயத்தில் இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

திங்கட்கிழமை அவள் தூருனின் அறைக் கதவைத் தட்டினாள். அழுத முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது.

"அலுவலகத்துல எல்லாருக்கும் ஒரு வகுப்பு எடுக்கணும். தளத்துக்குள்ள லிங்க் எப்படிப் போடணும்னு. பொதுவாத்தான்."

"பொதுவா?"

"பொதுவா. உதாரணத்துக்குக் கோசோயாவை வெச்சுக்குவோம்."

தூருன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "கோசோயாவைத் தொட உனக்கு ஒரு தடையும் இல்ல. எடு" என்றாள்.

புதன்கிழமை காப்பி நேரத்தில், இலவங்கப்பட்டை ரொட்டிக்கு நடுவே வகுப்பு நடந்தது. ரன்வெய் சுவரில் பறவைப் பக்கத்தைக் காட்டினாள்.

"ஜனங்க நெறையப் படிக்கிற பக்கம் இது. இங்கேர்ந்து கைகாட்டினா அதுக்கு மதிப்பு அதிகம். ஆனா அடியில கொண்டுபோய் ஒட்டக் கூடாது. பேச்சோட பேச்சா வரணும். கோசோயாவுல வாத்தைப் பாக்கலாம்னு எழுதுறோம்ல, அந்த வரியிலேயே 'கோசோயாவுக்குப் படகு'ங்கிற வார்த்தை மேல லிங்க் வரணும்."

"'இங்கே அழுத்தவும்'னு போட்டா?" என்றாள் தூருன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"அது எந்த மடையன் போடுவான்னு தெரியல" என்றாள் ரன்வெய். பின்வரிசையில் யாரோ ரொட்டி புரையேறி இருமினார்கள்.

"சரி, ஒரு சந்தேகம்" என்றாள் தூருன். "கோசோயாவுல ஒரு காலத்துல படகு நிக்கலைன்னு வெச்சுக்குவோம். அப்போ போட்ட அறிவிப்பு இன்னும் கிடக்கு. ஊர்ப்பட்ட பக்கம் அதுக்குக் கைகாட்டுது. என்ன செய்யறது?"

"அந்த லிங்க் எல்லாத்தையும் துறைப் பக்கத்துக்குத் திருப்பி விடணும். அறிவிப்போட தலையில, 'வேலை முடிஞ்சுது, இப்போ படகு நிக்குது, பதிவு இங்கே'ன்னு எழுதி அங்கேர்ந்தும் ஒரு லிங்க். அப்புறம் பொறுமையா இருக்கணும். தேடுபொறி திரும்பி வந்து பாக்கணும்ல."

"இது கோசோயாவுக்கு மட்டும்தானா?"

"எந்தத் தீவுக்கும்தான். எல்லாச் சின்னத் துறைக்கும் ஒரே மாதிரி செய்யணும். ஒன்னுக்கு மட்டும் செஞ்சா நியாயமில்ல."

"பாவம் கோசோயா" என்றாள் தூருன். "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கு."

மறுநாள் முதல் தூருன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மூடப்பட இருந்த துறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி செய்தாள், ஸ்கார்வோயா உட்பட. பறவைப் பக்கத்தில் நீர்க்காகம் பற்றிய வரியில் "ஸ்கார்வோயாவுக்குப் படகு" என்று இணைப்பு வந்தது. துடுப்புப் படகு பற்றிய பக்கத்தில் வந்தது. கடற்கரை வழித்தடப் பக்கத்தில், இரண்டு தீவுகளுக்கு நடுவில், அது இருக்க வேண்டிய இடத்தில் வந்தது. சாம்பல் நிற வரி போய்விட்டது. ரன்வெய் அந்தப் பக்கங்களைத் திறக்கவே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் படகில், கைபேசியில் தேடிப் பார்ப்பதை அவளால் நிறுத்த முடியவில்லை. தேடுவது யாருக்கும் உரிமைதானே.

ஓட்வாருக்கும் தூருன் ஒரு போன் போட்டாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அவர், "போன்ல சொன்னா நிக்க மாட்டேன். வலைத்தளத்துல போய்ப் பதிவு பண்ணு. நீ ஏறினது எனக்குத் தெரியுது, மாவட்டத்துக்குத் தெரியலையே!" என்று கத்தினார். கத்திவிட்டு நின்றார் என்பது வேறு விஷயம்.

மே மாதம் ஸ்கார்வோயாவின் பக்கம் மெல்ல மேலே வந்தது. ஜூனில் கோசோயாவைத் தாண்டியது. கோடை நடுவிழாவுக்கு முன்பு ஒரு மாலை, "ஸ்கார்வோயா படகு" என்று தேடியதும் முதல் வரியாகத் துறைப் பக்கம் வந்தது, பதிவுப் பொத்தானோடு. "நிற்காது" எங்கேயோ கீழே போயிருந்தது. ரன்வெய் சுற்றிலும் பார்த்தாள். படகில் அவளைத் தவிர ஒரு வயதான ஜோடி மட்டும் இருந்தது, தொலைநோக்கியோடு. எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டாள். ஸ்கார்வோயா என்றார்கள்.

அந்தக் கோடையில் ஆறு அறையும் நிறைந்தது. ஷூர் ரொட்டி சுட்டான், ஹெரிங்கைத் திரும்பக் கொண்டுவந்தான், பழகிக்கொள்ளாமலே சிரித்தான். ரன்வெய்யிடம் அன்பாகத்தான் இருந்தான். ஆனால் சில சமயம், மேசையைத் துடைத்துக்கொண்டே, "போன வருஷமே இப்படி இருந்திருக்கும்ல" என்பான். கோபமாகச் சொல்ல மாட்டான், அதனால்தான் அவளுக்கு வலிக்கும். ஆகஸ்ட் முதல் வாரம் மாவட்டம் முடிவைச் சொன்னது. ஸ்கார்வோயாவில் படகு தொடர்ந்து நிற்கும். தூருன் அலுவலகத்துக்குக் கேக் வாங்கிவந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். ரன்வெய் தன் பங்கு கேக்கைத் தொடவில்லை.

ஷூர் கிளம்பிய நாள் அவள் விடுப்பு எடுத்திருந்தாள். இனி அவன் மேடையில் இருக்கும் வாரங்களிலெல்லாம் படுக்கை விரிப்பதும் ரொட்டி சுடுவதும் அவள்தான். துறையில் இருவரும் நின்றார்கள். "அடுப்போட இடது பக்கம் சூடு ஜாஸ்தி, பாத்துக்க" என்றான். "ஹெலிகாப்டர்ல கண்ணை மூடிக்க" என்றாள்.

படகு வந்து நின்றது. ஒரு பெண்ணும் அவள் கணவனும் முதுகுப் பையோடு இறங்கினார்கள். பலகை ஆடியதால் ஷூர் கைகொடுத்து அந்தப் பெண்ணை இறக்கிவிட்டான்.

"நன்றிங்க. இங்க படகு வருமோ வராதோன்னு பயந்துக்கிட்டே தேடினோம். முதல்லயே வந்துடுச்சு! ரொம்ப சுலபமா இருந்துச்சு."

"அப்படியா, சந்தோஷம்" என்றான் ஷூர். ரன்வெய்யைத் திரும்பிப் பார்த்தான். அவள் கன்னத்தில் ஒருமுறை கையை வைத்துவிட்டு ஏறிக்கொண்டான். ஓட்வார் கயிற்றை அவிழ்த்தார்.

படகு பாறையைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள், "இங்க விடுதி நடத்துறவர் எங்கங்க இருப்பாரு?"

ரன்வெய் அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதோ," என்றாள், "அந்தப் படகுல போறாரு."